சம்சாரிக்கு மேலுக்கு முடியாதபோது

(குருவிகுளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பயிருக்கு நோய் வந்தால் சொல்வதற்கு வேளாண்மை அலுவலகம் இருக்கிறது. மாட்டுக்கு நோய் வந்தால் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சம்சாரிக்கே நோய் வந்தால்? ஆஸ்பத்திரி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஆனால் அந்த நோய் காட்டில் என்ன செய்தது, கடன் சீட்டில் என்ன செய்தது, பிள்ளையின் படிப்பில் என்ன செய்தது என்று கேட்பதற்கு எந்த அலுவலகமும் இல்லை. அந்தக் கேள்விதான் இந்த மாலையின் பொருள். சொல்ல வருவதும் ஒன்றுதான்: மானாவாரிக் குடும்பத்துக்கு நோயால் வரும் நட்டத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறுவது கொஞ்சம், மிச்சமெல்லாம் காட்டில் கிடக்கிறது. காட்டில் கிடப்பதை யாரும் எண்ணுவதில்லை.

முதலில் இந்த மண்ணைப் பார்ப்போம். மேற்கே மலையடிவாரத்தில் தென்காசியும் கடையநல்லூரும் ஆனி, ஆடிச் சாரலில் நனையும்போது, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம் பக்கம் வந்து சேர்வது காற்றும் புழுதியும்தான். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. மழை அப்படி ஒன்றாகவில்லை. கரிசலின் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும் வடகிழக்குப் பருவமழை. புரட்டாசிப் பட்டத்தில் விதைக்க வேண்டும். மழை விழுந்ததும் முளைப்பைப் பார்க்க வேண்டும். அப்புறம் களை, உரம், மருந்தடி. மார்கழி, தையில் உளுந்தும் பாசியும் அறுப்புக்கு வரும். அதற்குப் பின்னால் மக்காச்சோளம், பருத்தி. ஒரு வருடத்துச் சோறு நான்கைந்து மாதங்களுக்குள் முடிவாகிவிடுகிறது. ஆற்றுப் பாசனத்துக்காரருக்கு அடுத்த போகம் உண்டு. மானாவாரிக்காரருக்கு அடுத்த வருடம்தான் உண்டு.

இப்போது நோயின் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெங்கு எப்போது ஏறுகிறது? பெரும்பாலும் மழைக்காலத்தில். எலிக்காய்ச்சல்? தண்ணீர் தேங்கும் நாட்களில். பாம்பு எப்போது கடிக்கிறது? காட்டில் ஆள் நடமாட்டமும் பயிர் மறைவும் சேர்ந்திருக்கும்போது. மருந்து மூச்சில் ஏறுவது? பூச்சி விழும் வாரங்களில். ஆக, உடம்பு படுக்கிற மாதமும் காடு கூப்பிடுகிற மாதமும் ஒன்றாகவே இருக்கின்றன. மாதச் சம்பளக்காரர் பத்து நாள் படுத்தால் பத்து நாள் விடுப்பு. சம்சாரி கார்த்திகையில் பத்து நாள் படுத்தால் களை பயிரை மூடிவிடும். பத்து நாளில் எழுந்து வந்தாலும் அந்த வருட விளைச்சல் எழுந்து வராது.

2006ஆம் ஆண்டு பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு சிக்குன்குனியா இந்தியா முழுவதும் பரவியது. சந்தேகத்துக்குரிய நோயாளிகள் என்று அரசு கணக்கில் வந்தவர்களே சுமார் 14 லட்சம் பேர். அந்தக் காய்ச்சல் ஆளைக் கொல்வது அரிது. காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிடும். மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் வலியோடு எழுதிவிடலாம். குத்தவைத்துக் களை எடுக்கிற பெண் என்ன செய்வார்? மண்வெட்டிப் பிடியை இறுக்க முடியாத கை என்ன செய்யும்? இறப்புக் கணக்கில் அந்த நோய் சின்ன நோய். சம்பளக் கணக்கு எழுதியிருந்தால் பெரிய நோய் என்று தெரிந்திருக்கும். ஆறு வருடம் கழித்து 2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு புரட்டிப்போட்டது. அந்த ஆண்டு தமிழகத்தில் டெங்கு கண்டவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் 66 பேர். இறந்தவர்களை எண்ணினார்கள், எண்ணத்தான் வேண்டும். படுத்து எழுந்தவர்கள் இழந்த வேலை நாட்களுக்கு எங்கேயும் ஏடு இல்லை.

இது புதிய கதையா? இல்லை. இதைவிடத் தெளிவான பழைய கதை ஒன்று உண்டு: நரம்புச் சிலந்தி. இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காதது உங்கள் அதிர்ஷ்டம். ஊருணியிலும் படிக்கிணற்றிலும் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்த காலத்தில், தண்ணீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வழியாக ஒரு புழு உடம்புக்குள் போகும். ஏறத்தாழ ஒரு வருடம் உள்ளேயே வளர்ந்து, காலில் கொப்புளம் கட்டி, வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் கால் ஊன்ற முடியாது. அந்தக் காலோடு தண்ணீரில் இறங்கினால் அடுத்த வருடத்துக்கான நோயும் அங்கேயே விதைக்கப்பட்டுவிடும்.

அந்தப் புழு சம்சாரிக்கு என்ன செய்தது? 1987இல் நைஜீரியாவின் தென்கிழக்கில் நெல் விளையும் பகுதியில் யுனிசெஃப் ஒரு கணக்கெடுத்தது. இந்த ஒரு நோயால் மட்டும் அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் நெல் வருமானம் போயிருந்தது. அங்கே மழை தவறவில்லை, மண் கெடவில்லை. விவசாயியால் நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் இந்த நோய் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தேசிய ஒழிப்புத் திட்டம் 1983-84இல் தொடங்கியது. தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. துணியில் வடிகட்டிக் குடி, படிக்கிணற்றை மூடு, அடிபம்பு போடு: இவ்வளவுதான் வைத்தியம். தமிழ்நாடு முதலில் விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் இந்தியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஓர் அடிபம்பு விளைச்சலைக் கூட்டும் என்பதை எந்த வேளாண் பாடநூல் சொல்லியிருக்கிறது? ஆனால் அதுதான் நடந்தது.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். விவசாயக் குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? காட்டிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். 2019இல் தேசிய மாதிரி ஆய்வு நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களைக் கேட்டது. சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். கவனித்துப் பாருங்கள்: சொந்தக் காடு கொடுப்பதைவிட, வெளியே போய்க் கொடுக்கிற உழைப்புத்தான் அதிகம் கொண்டுவருகிறது. இந்த வட்டாரத்தில் அதற்கு ஆய்வும் வேண்டியதில்லை. கோடையில் ஆண்கள் கட்டட வேலைக்கும் லோடு ஏற்றவும் போகிறார்கள். பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். நிலம், விதை, உரம் எல்லாவற்றுக்கும் முந்திய முதலீடு உடம்பு. அதே ஆய்வில் விவசாயக் குடும்பங்களில் பாதிக்கு மேல் கடனில் இருப்பதும் தெரிந்தது; சராசரிக் கடன் 74,121 ரூபாய். கடன் நிற்கிற வீட்டில் உடம்பு படுத்தால், வட்டி படுப்பதில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஊரில் நாலு தெருவிலும் அப்படி ஒரு குடும்பம் இருக்கும். மூன்று ஏக்கர் கரிசல், ஏழெட்டு ஆடு, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு மேலுக்கு முடியவில்லை. முதல் இரண்டு நாள் மெடிக்கலில் மாத்திரை. மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையம். அப்புறம் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி. அங்கேயும் ஆகவில்லை என்றால் ஹைகிரவுண்டு. பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி, மருத்துவம் இலவசம். இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் துணைக்கு வீட்டுக்காரி போக வேண்டும். நோயாளி ஒருவர், இழந்த கூலி இரண்டு. பஸ், சாப்பாடு, வெளியே எழுதிக் கொடுக்கிற பரிசோதனை. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட ஆள் இல்லை. களையெடுக்கக் கூலிக்கு ஆள் விட வேண்டும். அந்த வாரம் ஊர் முழுக்கக் களை, ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி கூடும். முதலில் ஆடு போகும். பிறகு கம்மல் அடகுக்குப் போகும். பிறகு நிலம் ஒத்திக்குப் போகும். நோய் போன பிறகும் ஒத்தி போகாது.

இந்த இறங்குமுகத்தை ஒருவர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து படித்திருக்கிறார். அனிருத் கிருஷ்ணா, முன்பு ஐஏஎஸ் அதிகாரியாக இருந்தவர், பிறகு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர். ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு, அமெரிக்காவின் வட கரோலினா என்று சுமார் 400 ஊர்களில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அவரும் அவருடைய குழுவும் விசாரித்தார்கள். நன்றாக இருந்த குடும்பம் ஏழையானது எதனால்? வறட்சி, கல்யாணச் செலவு, கடன் எல்லாம் பட்டியலில் இருந்தன. மேலே நின்ற காரணம் நோயும் அதன் செலவும். 2010இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே, வறுமை ஒரு நோய் தூரத்தில் இருக்கிறது என்ற பொருளில் அமைந்தது. வறட்சி வந்தால் ஊரே சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம். நோய் வந்தால் ஒரு வீடு தனியாகப் போகிறது.

அந்தத் தனிமையின் விலையைச் சென்னைக்காரர்கள் அளந்திருக்கிறார்கள். 1956இல் சென்னையில் காசநோய்க்கான ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமாகிறது என்று காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றிய முடிவு அது. உழைத்துச் சாப்பிடுகிற வீட்டுக்கு அது இன்னொன்றும் செய்தது: ஆளை வீட்டிலிருந்து பிரிக்கவில்லை. அதே மையத்தின் ஆய்வாளர்கள் 1999இல் தென்னிந்தியக் காசநோயாளிகள் 304 பேரின் குடும்ப நிலையை வெளியிட்டார்கள். ஒருவர் சராசரியாக இழந்தது 83 வேலை நாள். அந்த வீடுகளின் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேர் படிப்பை நிறுத்தினார்கள். இன்னும் 8 பேர் குடும்பத்துக்காக வேலைக்குப் போனார்கள். நோய் அப்பாவின் நுரையீரலில், தழும்பு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில்.

பெண்களைப் பற்றித் தனியே பேச வேண்டும். ஏனென்றால் அவர்களின் நோய் நோயாகவே எண்ணப்படுவதில்லை. களை எடுப்பது யார்? பருத்தி எடுப்பது யார்? உளுந்து பறிப்பது யார்? மேலுக்கு முடியாதவருக்குத் துணை போவது யார்? தானே முடியாமல் கிடக்கும்போது, அறுப்பு முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது யார்? 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்ணில் ஒருவருக்கு மேல். "அசதியாக இருக்கிறது" என்று அவர்கள் சொல்வதை வீடு காதில் வாங்குவதில்லை.

அசதிக்கும் வருமானத்துக்கும் தொடர்பு உண்டா? இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து நடத்திய ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ரத்தம் குறைவாக இருந்த பெண்கள் இரும்புச்சத்து கிடைத்த பிறகு அதிகக் கொழுந்து பறித்தார்கள். அந்த மாத்திரை இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கிறது. கர்ப்பிணிக்கு மட்டும் உரியது என்று நினைத்து மற்றவர்கள் வாங்குவதில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் விழும். மாதவிலக்கு நாட்கள், வெள்ளைப்படுதல், வயிற்று வலி எல்லாமே வேலைக்கு இடைஞ்சல் என்று ஆனபோது கர்ப்பப்பையையே எடுத்துவிடும் வழக்கம் பரவியது. 2019இல் மாநில அரசின் குழு விசாரித்தது: சுமார் 82 ஆயிரம் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். கூலிக்காக உறுப்பைக் கொடுத்த கதை அது. ஒரு நாள் விடுப்புக்கு வழி இல்லாத உழைப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது மருந்தடி. படைப்புழு 2018இல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அந்த ஆண்டே தமிழகத்து மக்காச்சோளத்திலும் இறங்கியது. அன்றிலிருந்து குருத்துக்குள் மருந்து விழ வேண்டும் என்பதற்காக முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு பயிருக்குள் நடக்கிறோம். ஆள் உயரப் பயிர், காற்று எதிரே, வாய்க்குக் கட்டியது ஒரு துண்டு. மருந்து புழுவின் மேல் பாதி, மனிதன் மேல் பாதி. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த வருடம் பருத்திச் செடி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. தெளித்தது முகத்துக்கே வந்தது. அவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்ல, மூச்சிலும் தோலிலும் வாங்கியவர்கள். மருந்துப் பாட்டிலில் முக்கோணம் ஒன்று அச்சடித்திருக்கிறது: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்புத்தான் கொடியது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போது விலையைப் பார்க்கிற கண், அந்த முக்கோணத்தையும் பார்க்க வேண்டும். அடித்துவிட்டு வந்த சட்டையை வீட்டில் துவைப்பவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும்.

வெயிலுக்கு வருவோம். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் மயக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. வெயில் சிறுநீரகத்துக்குச் செய்வது இப்போதுதான் தெரிகிறது. இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 1990களிலிருந்து, சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத நெல் விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆந்திரத்தின் உத்தானத்திலும், எல் சால்வடோர், நிகரகுவா கரும்புக் காடுகளிலும் அதே கதை. காரணம் ஒன்றா பலவா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் கடினமாக உழைப்பது அந்தப் பட்டியலில் மேலே நிற்கிறது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய்; அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அதற்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எந்தக் காட்டை உழுவார்? காட்டில் ஒதுங்க இடம் இல்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிற பெண்களுக்கு இதை யார் சொல்வது?

பாம்புக்கடியும் விவசாயியின் நோய்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58 ஆயிரம். பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்து உண்டு. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு. தமிழர் கையால் எடுத்த விஷத்திலிருந்து வருகிற மருந்து ஊசி இருக்க, கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் மந்திரிக்கப் போவதும் எதற்கு? பிழைத்தாலும் கால் தசை அழுகியோ சிறுநீரகம் கெட்டோ மாதக்கணக்கில் முடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். இந்த மாநிலம் 1990களின் நடுவிலேயே மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து சேர்த்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008இல். மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. ஒரு மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நாடு முழுவதும் மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போனது 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதம்.

அப்படியானால் குறை எங்கே? காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால் பேசுகிறது. படுக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிற நோய்க்குப் பேசாது. இழந்த கூலிக்குப் பேசாது. துணைக்கு வந்தவரின் கூலிக்குப் பேசாது. களை மூடிய உளுந்துக்குப் பேசாது. பயிர்க் காப்பீடு மழைக்கும் வெள்ளத்துக்கும் பூச்சிக்கும் பேசுகிறது. பயிரிட்டவர் படுத்ததற்குப் பேசாது. இரண்டு காப்பீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சம்சாரி விழுகிறார்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை பரிந்துரைக்கிற ஆணையம் டெல்லியில் இருக்கிறது. அது விதையை எழுதுகிறது, உரத்தை எழுதுகிறது, பூச்சிமருந்தை எழுதுகிறது, கூலியை எழுதுகிறது, டீசலை எழுதுகிறது. குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போடுகிறது. பூச்சிமருந்தின் விலை செலவில் ஏறுகிறது. அதை அடித்தவருக்கு ஆன வைத்தியம் எந்த வரியிலும் ஏறுவதில்லை. மாட்டுக்கும் டிராக்டருக்கும் பராமரிப்பு உண்டு, ஆளுக்கு இல்லை. இது திருத்த வேண்டிய கணக்கு, திருத்தக்கூடிய கணக்கும்தான்.

பெரியவர்களே, இனி கோரிக்கைகள். டெல்லி கணக்கைத் திருத்தும்வரை குருவிகுளம் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரே செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, மருத்துவ முகாம் விதைப்புக்கு முன்னால் நடக்கட்டும். கார்த்திகையில் முகாம் போட்டால் சம்சாரி வர மாட்டார். அவர் காட்டில் இருப்பார். ஆவணியில் போட்டால் வருவார். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அளவு, சிறுநீர்ச் சோதனை இவற்றை அப்போதே பார்த்துவிட்டால், ஐப்பசியில் படுக்க வேண்டியவர் ஆவணியிலேயே மருந்து எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் அட்டை. புன்செய் ஐந்து ஏக்கருக்குள், நன்செய் இரண்டரை ஏக்கருக்குள் வைத்துத் தாமே பயிர் செய்கிறவர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உரியது அது. விபத்துக்கும் இறப்புக்கும் நிவாரணம் தருவது பலருக்குத் தெரியும். காசநோய், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்ற நோயால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு மாத உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அட்டை பீரோவில் கிடந்தால் பயன் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் மனு போக வேண்டும்.

மூன்றாவது, மருந்தடிக்கிற நாளில் தனியாகப் போகாதீர்கள். காற்றின் போக்கில் நடங்கள், காலையில் அடியுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். தலை சுற்றினால் நிறுத்துங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான சிகிச்சை தர முடியும்.

நான்காவது, ஒரு வீட்டில் ஆள் படுத்தால் அந்த வீட்டுக் களையைத் தெருவே சேர்ந்து இரண்டு நாளில் எடுத்துக் கொடுங்கள். ஒருவர் காட்டில் மற்றவர் முறை மாற்றி வேலை செய்வது முன்னோர்கள் செய்ததுதான். மகளிர் குழு இதை எடுத்துக்கொண்டால் இன்னும் சுலபம். மனசு உடைந்து போனவர்களையும் அப்படியே கவனியுங்கள்; 104க்கும் 14416க்கும் அழைத்தால் கட்டணம் இல்லாமல் பேச ஆள் இருக்கிறார்கள்.

கிராமசபை ஆகஸ்ட் 15 அன்று கூடும். புரட்டாசிக்கு அப்போது ஒரு மாதம் இருக்கும். இந்த ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியும் அன்றைக்கு இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றட்டும். விதைப்புக்கு முன் மருத்துவ முகாம் வேண்டும் என்பது ஒன்று. நோயால் ஊர் இழந்த வேலை நாட்களை அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஏட்டில் எழுதி வைப்போம் என்பது இன்னொன்று. தை பிறந்ததும் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போய், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள். மழைக்கணக்கும் பூச்சிக்கணக்கும் பேசுகிற அந்தக் கூட்டத்தில் உடம்புக் கணக்கையும் பேசச் சொல்லுங்கள்.